எல்ஸி வீட்டு மெசின்

மலேசியாவில், காம்பாரில் எல்ஸிக்கு இரண்டு வீடு, ஒன்றை ஒன்று ஒட்டினாற்போல. ஒன்றில் அவள் இருக்கிறாள். மற்றதில் யுனிவர்சிட்டிப் பிள்ளைகள் இரண்டு பேர் வாடகைக்கு: ஈப்போவிலிருந்து வந்த நித்யகல்யாணி, ஆயர் தாவாரிலிருந்து வந்த கலாதேவி. கட்டில், அலமாரி, காற்றாடி எல்லாம் போட்டுக் கொடுத்தவள் துணி துவைக்கிற மெசின் மட்டும் போடவில்லை. "என் மெசின் சும்மாதான கெடக்கு, சனிக்கெழம வந்து போட்டுக்குங்க" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள்.

கஞ்சப் பிசினாறி என்று அக்கம்பக்கம் பேசியது. பேசட்டும். கஞ்சப் பிசினாறி வாராவாரம் பிள்ளைகளுக்கு மீ கோரேங் நூடுல்ஸ் பிரட்டிப் போடுவாளா? கணவர் திமோத்தி போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டில் பேசுவது டிவி மட்டும்தான். ஒரே மகள் வெண்டி ஜோகூர் பாருவில். சனிக்கிழமை மெசின் ஓடி முடிகிறவரை பிள்ளைகள் எங்கே போவார்கள்? அடுப்படி மேசையில்தான் உட்கார வேண்டும். லெக்சரர் கதை, காதல் கதை எல்லாம் அங்கேதான் அவிழும். மெசினில் 'குயிக் வாஷ்' என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அமுக்கினால் துணி பாழாகும் என்று எல்ஸி கூசாமல் சொல்லி வைத்திருந்தாள்.

வெண்டிதான் போனில் பிடித்துக்கொண்டாள். "மெசின் இல்லாத வீட்ட இப்ப யாரு மம்மி எடுப்பா? அடுத்த செமஸ்டர் வேற வீடு பாத்துப் போயிடுவாங்க. ஒன்னு வாங்கிப் போடுங்க லா."

எல்ஸிக்குத் தூக்கம் கெட்டது. வாங்கிப் போட்டால் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள், அடுப்படிக்கு வரமாட்டார்கள். போடாவிட்டால் வீட்டையே காலி பண்ணிக்கொண்டு போய்விடுவார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் நஷ்டம் அவளுக்குத்தான்.

அந்த வாரம் நித்யகல்யாணியே தயங்கித் தயங்கிக் கேட்டாள். "கோவிச்சுக்காதீங்க ஆன்டி. வாராவாரம் ஒங்களத் தொந்தரவு பண்றோம்னு கஷ்டமா இருக்கு. எங்களுக்கும் ஒரு மெசின் போட்டுத் தர முடியுமா?"

தொந்தரவு. எல்ஸிக்கு அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. தான் விருந்து என்று நினைத்ததைப் பிள்ளைகள் இத்தனை நாள் தொந்தரவு என்று நினைத்திருக்கிறார்கள். வாங்கிப் போடுவதாகச் சொல்லிவிட்டாள்.

புது மெசின் வந்த சனிக்கிழமை, பழக்கதோஷத்தில் அவள் மூன்று பேருக்கு மீ பிரட்டிவிட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் மெசின் ஓடுகிற சத்தம் கேட்டது. ஓடத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே நின்றும் போனது. குயிக் வாஷை அமுக்கியிருக்கிறார்கள்.

அடுத்த சனிக்கிழமை எல்ஸி ஒரு முடிவுக்கு வந்தாள். நல்லதாக நாலு துணியைக் கூடையில் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். தலையைக்கூடச் சீவிக்கொண்டுதான் போனாள். "என் மெசின் ரோசாக்காயிடுச்சும்மா. இங்க போட்டுக்கலாமா?"

அவள் மெசினுக்கு ஒரு கேடும் இல்லை.

"அதுக்கென்ன ஆன்டி, குடுங்க" என்று கலாதேவி கூடையை வாங்கிக்கொண்டாள். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. எல்ஸி செருப்பைக் கழற்றப் போனாள். "நீங்க ஏன் சிரமப்படுறீங்க? போய் ரெஸ்ட் எடுங்க. நாங்களே தொவைச்சிக் கொண்டாந்து தாரோம்."

நல்ல பிள்ளைகள். குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் எல்ஸிக்குத் தாங்கவில்லை.

சாயங்காலம் அவள் வீட்டு வாசல் கேட்டில் ஒரு பை தொங்கியது, சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுவருகிறவன் மாட்டிவிட்டுப் போவதுபோல. உள்ளே துணியெல்லாம் மடித்து அடுக்கியிருந்தது. போனைப் பார்த்தாள். கலாதேவியின் குரல் பதிவு வந்திருந்தது. "ஆன்டி, கூப்பிட்டுத் தொந்தரவு பண்ண வேணாம்னுதான் கேட்டுல மாட்டிட்டோம். மெசின் சரியாவுற வரைக்கும் நீங்களும் துணிய கேட்டுலயே மாட்டி வச்சிடுங்க. நாங்க எடுத்துக்கிறோம்."

எல்ஸி அதை இரண்டு தரம் போட்டுக் கேட்டாள். பிறகு, மெசின் சரியாகிவிட்டது என்று பதில் அனுப்பினாள்.