யூசுப்பின் இடக்கை

என் நண்பன் யூசுப்பின் இடக்கையைக் கெடுத்தவன் நான்தான். ஒரே ஒரு பொய் சொல்லிக் கெடுத்தேன்!

அவனிடம் சொல்லியிருக்க வேண்டியது... உங்களிடம் சொல்கிறேன்.

அறுபதுகளின் நடுவில், திருச்சியில் ஒரு மெல்லிசைக் குழுவில் நாங்கள் இருவரும் கிடார் வாசித்தோம். அவனுக்குப் பாலக்கரை, எனக்கு ஸ்ரீரங்கம். எங்களுக்கிருந்த கிடாரோ ஒன்றுதான், அதுவும் அவனுடையது. வாரத்தில் பாதி நாள் என்னிடம் தந்துவிடுவான்.

குழுத் தலைவர் ஒருநாள் ஓர் இசைத்தட்டைப் போட்டுக் காட்டினார். நடுவே கிடார் மட்டும் தனித்துப் பாய்ந்தோடும் ஒரு பகுதி. "இதை இதே வேகத்துல யார் வாசிக்கிறீங்களோ, அவங்கதான் மெட்ராஸ் கச்சேரிக்கு," என்றார்.

தட்டை இரவல் வாங்கி அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனேன். தூசி துடைக்க வந்த அக்காவின் கை பட்டு, தட்டு ஓடிக்கொண்டிருந்த பிளேயரின் வேக விசை நகர்ந்துவிட்டது. "ஐயோ, தட்டு கெட்டுப்போச்சாடா?" என்று பதறினாள்.

கெடவில்லை. கனத்த குரலில், மெல்ல, ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்டது!

நான்கு நான்கு சுரமாகப் பிரித்தேன். பிழை வராத வேகத்தில் மட்டுமே வாசித்தேன். துண்டுகளை ஒட்டினேன்; விரல்கள் தாமாக ஓடத் தொடங்கிய பிறகே வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன்.

யூசுப் வீட்டில் பிளேயர் இல்லை. தலைவர் வீட்டில் முழு வேகத்தில் கேட்டதுதான் அவனுக்குத் தெரியும். "எனக்கு விரல் சிக்குதுடா ரங்கா. நீ எப்படிப் பழகுறே?" என்று கேட்டான்.

"மெதுவா வாசிச்சா கை சோம்பேறியாயிடும். எடுத்த எடுப்பிலேயே முழு வேகத்துல அடி. வலிச்சாலும் நிறுத்தாதே."

எப்படி வந்தது எனக்கு அந்த வாய்?

அவன் நம்பினான். மணிக்கட்டு வீங்கியது, துணியைச் சுற்றிக்கொண்டு வாசித்தான். அந்த நிலையிலும், "நீயும் பழகணுமேடா," என்று கிடாரை என் கையில் கொடுத்தான்! நான் வாங்கிக்கொண்டேன்.

தேர்வு நாளில் அவன் விரல்கள் இரண்டு மடங்கவேயில்லை. பாதியில் நிறுத்திவிட்டுத் தலைகுனிந்தான். நான் வாசித்தேன். மெட்ராஸுக்குப் போனேன். கைத்தட்டல் வாங்கினேன்...

அவன் கை பிறகு தேறவேயில்லை. இடக்கையால் ஒரு தேநீர்க் குவளையைக்கூடப் பிடிக்க முடியாது அவனுக்கு. கிடாரை எனக்கே கொடுத்துவிட்டு அவன் அத்தாவின் தோல் கடையில் உட்கார்ந்தான். எத்தனையோ முறை சொல்லிவிட நினைத்து அந்தக் கடைக்குப் போனேன். ஒவ்வொரு முறையும் கச்சேரிக் கதை பேசிவிட்டுத் திரும்பினேன்.

சில ஆண்டுகளில், ஒரு காய்ச்சலில் அவன் போய்விட்டான்.

அடக்கம் முடிந்ததும் அவன் தம்பி என் கைகளைப் பற்றிக்கொண்டு அழுதான். "அண்ணன் உங்களைப் பத்திச் சொல்லாத நாளே இல்லீங்க. 'போட்டின்னுகூடப் பார்க்காம எனக்குச் சொல்லிக் கொடுத்தான்'னு சொல்லிக்கிட்டே இருப்பாரு."

நான்... தலையாட்டினேன். ஆம், அப்போதும்!