பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம்

லெட்டிஸ் சீமாட்டி செய்த பாவம் ஒன்றுதான். புருஷனைக் கேலி செய்து ஒரு பாட்டு எழுதினாள். டார்செட் சீமையில் அறுவடை விருந்தன்று சிநேகிதிகளுக்கு மட்டும் படித்துக் காட்டினாள். அவர்கள் அதைக் கையால் எழுதி எழுதி லண்டன்வரை கொண்டுபோய்விட்டார்கள். அந்தப் பாட்டிலே குறட்டை விடுகிற பிரபு யாரென்று ஊருக்கே தெரிந்துபோயிற்று.

பாசில் பிரபு கத்தவில்லை. மூன்று வயது மகள் பிலிப்பாவைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, மனைவியை ஆற்றங்கரைச் சிறுவீட்டுக்கு அனுப்பிவிட்டார். பிள்ளை தகப்பனுக்குத்தான் என்பது அங்கே சட்டம்.

"எழுதினது அத்தனையும் கொளுத்து. இனிமே ஒரு வரி எழுதக் கூடாது. அப்புறம் பிள்ளையக் காட்டறதப் பத்தி யோசிக்கிறேன்."

அன்றைக்கே எல்லாவற்றையும் அடுப்பில் போட்டாள். வேலைக்காரி ஹெஸ்டர் பக்கத்தில் நின்று, "காகிதம் நல்லாத்தான் எரியுது. அந்த மனுஷன் மனசுதான் ஈர வெறகு," என்று முணுமுணுத்தாள்.

பிரபு யோசித்துக்கொண்டே இருந்தார்.

மகளைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் ஒன்றுதான் வழி. அங்கேயும் பிரபு வீட்டார் வந்துபோகத் தனிப் பக்கவாசல். உட்காருகிற இடத்தைச் சுற்றி உயரமான பலகைச் சுவர். கடைசி பெஞ்சிலிருந்து ஒன்றும் தெரியாது. சில வருஷம் கழித்து, பாட எழுந்து நிற்கையில் மகளின் தொப்பி ரிப்பன் தெரிந்தது. அப்புறம் நெற்றி.

"முட்டைக்கோஸ் மாதிரி வளருதும்மா. ஈஸ்டருக்கு மூக்கு தெரியும், பாருங்க!" என்பாள் ஹெஸ்டர்.

ஆண்டவரைத் துதிக்கப் போய் ரிப்பனைத் துதித்தோமே என்று லெட்டிஸ் அழுததும் உண்டு.

பிலிப்பாவுக்குப் பதினேழு வயதானபோது, பிரபு மூட்டுவாதத்தில் படுத்தார். அந்த ஞாயிறு தனியே வந்த மகள், ஆராதனை முடிந்ததும் நேரே கடைசி பெஞ்சுக்கு வந்தாள்.

"நீங்கதான் எங்கம்மாவா?"

"ஆமாடி கண்ணு."

"நான் வேணாம், பாட்டுதான் வேணும்னு போயிட்டீங்களாம். அப்பா சொன்னாரு."

"இல்லம்மா! உனக்காகத்தான் எல்லாத்தையும் எரிச்சேன்."

"என்னைப் பத்தி எழுதினது இருந்துச்சா?"

"இருந்துச்சே! நீ பொறந்தப்ப, மொதப் பல்லு மொளச்சப்ப..."

"ஒண்ணு சொல்லுங்க."

லெட்டிஸ் வாயைத் திறந்தாள். எழுதக் கூடாதென்றால் நினைக்கவும் கூடாது என்று, மனசில் பாட்டு வரி வரும்போதெல்லாம் ஜெபம் சொல்லித் துரத்தியே பழகியிருந்தாள். முதல் வார்த்தைகூட வரவில்லை.

பிலிப்பா காத்து நின்றாள். முகம் மெல்ல இறுகியது.

"ஒண்ணுகூடவா? உங்களுக்குப் பாட்டும் முக்கியமில்ல, நானும் முக்கியமில்ல. அப்ப அப்பா சொன்னதும் பொய், நீங்க சொல்றதும் பொய்."

மகளின் வண்டி போகும் சத்தம் கேட்டது. லெட்டிஸ் முழங்காலில் நின்றாள். ஆண்டவரிடம் கேட்க இப்போது ஒன்றுமே இருக்கவில்லை.

"எந்திரிங்கம்மா," என்று ஹெஸ்டர் தோளைத் தொட்டாள். "கதவச் சாத்தப் போறாங்க."