சுண்டு விரலுக்கு ஒரு ஆட்டம்

மதினியை நினைத்தால் எனக்கு முதலில் தெரிவது அவருடைய முகமல்ல, இடது கை. நான் வேலை பார்த்த பிரௌசிங் சென்டரின் மேஜைமேல் ஒரு துண்டை மடித்துப் போட்டு, அதன்மேல் சீட்டுக்கட்டு அளவிலான எம்பி3 பிளேயரை மல்லாக்க வைத்திருப்பார். பிளேயரின் முகத்தில் வட்டமான ஒரு சக்கரம். அதன் விளிம்பில் மோதிர விரல் மட்டும் நிற்கும். மற்ற விரல்கள் குறுக்கே வராதபடி வலது கையால் தூக்கிப் பிடித்திருப்பார். சிறிய திரையில் சதுரக் கட்டைகள் மேலிருந்து ஒவ்வொன்றாக இறங்கும். கட்டை அடியைத் தொடுவதற்குள் விரல் அழுத்தியாக வேண்டும். ஒவ்வொரு அழுத்தலுக்கும் கீழுதட்டைக் கடித்துக்கொள்வார். மின்னஞ்சல் பார்க்க வரும் சுற்றுலாக்காரர்கள், முப்பது வயதுப் பெண் ஒருத்தி இப்படி விளையாடிக்கொண்டிருப்பதைப் பார்த்துத் தங்களுக்குள் சிரிப்பார்கள். மதினி நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்.

கைபேசிகளில் இன்னும் பொத்தான்கள் இருந்த காலம் அது. கொடைக்கானலில் மூஞ்சிக்கல் பக்கம் எங்கள் வீடு. என் அண்ணன் அரசு அலுவலகம் ஒன்றில் ஜீப் ஓட்டுநர். ஒருநாள் தாண்டிக்குடிவரை போய்த் திரும்பியவர், நெஞ்சு ஒரு மாதிரியாக இருக்கிறது என்று படுத்தார், எழுந்திருக்கவில்லை. மதினிக்குக் கல்யாணமாகி நான்கு வருடங்கள்தான் ஆகியிருந்தன, பிள்ளைகள் இல்லை. சில மாதங்கள் கழித்து, கருணை அடிப்படையில் அதே அலுவலகத்தில் அவருக்குத் தட்டச்சர் வேலை கொடுத்தார்கள். ஆனால் ஆணையின் கடைசியில் ஒரு நிபந்தனை இருந்தது. குறிப்பிட்ட காலத்துக்குள் ஆங்கிலம், தமிழ் இரண்டிலும் தட்டச்சுத் தேர்வில் தேறி வரவேண்டும். இல்லாவிட்டால் வேலை இல்லை. மதினி அதுவரை தட்டச்சு எந்திரத்தைத் தொட்டதே கிடையாது. வெள்ளனே எழுந்து குளிரில் இன்ஸ்டிட்யூட்டுக்கு ஓடுவார், அங்கிருந்து அலுவலகத்துக்கு ஓடுவார். மூன்று மாதத்தில் பலகையைப் பார்க்காமல் அடிக்கப் பழகிவிட்டார்.

அப்போதுதான், பாசி படிந்த படியில் கால் வழுக்கி விழுந்தார். இடது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த அன்று ஒவ்வொரு விரலாக அசைத்துப் பார்த்தார். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் ஓரளவு அசைந்தன. நடுவிரல் பாதிக்குமேல் மடங்கவில்லை. மோதிர விரலும் சுண்டு விரலும் யாருடைய கையிலோ இருப்பவை போல விறைத்து நின்றன. பயிற்சி கொடுத்த மருத்துவமனைப் பெண், ஒவ்வொரு விரலையும் தனித்தனியாக, நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை அசைக்கச் சொன்னார். ரப்பர் பந்து ஒன்றையும் கொடுத்தார். மதினி பந்தைப் பிடித்துக்கொண்டு ஒன்று, இரண்டு என்று எண்ணுவார். இருபதைத் தாண்டும்போது வலியில் முகம் வெளுத்துவிடும். எண்ண எண்ண வலிதான் கூடுகிறது, வேறெதுவும் நினைப்புக்கு வரவில்லை என்பார்.

அந்தக் கையோடு மீண்டும் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போனார். பழைய கை எந்திரத்தில் விரல் எவ்வளவு பலமாக விழுகிறதோ அவ்வளவு கறுப்பாகத்தான் எழுத்து பதியும். ஆங்கிலப் பலகையில் 'ஏ' என்ற எழுத்து இடது சுண்டு விரலுக்கு உரியது. அது வராத வார்த்தையே அபூர்வம். மதினி அடித்த தாளை மாஸ்டர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஏ எல்லாம் புகையா நிக்குதேம்மா. பேப்பர் திருத்துறவங்களுக்கு இது எழுத்தாவே தெரியாது."

கெடு முடிவதற்குள் இரண்டே தேர்வுகள் மிச்சம் இருந்தன. முதலாவதில் ஆங்கிலம், அடுத்ததில் தமிழ் என்று மதினி மனதுக்குள் பங்கு பிரித்து வைத்திருந்தார். முதல் தேர்வுக்கு நான்கு மாதம்கூட இல்லை.

அந்த வாரம் கன்னிவாடியிலிருந்து அவருடைய அண்ணன் வந்தார். நல்ல மனிதர். தங்கையின் கையைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டார்.

"கையும் போச்சு. இனி எதுக்குத்தா இந்தக் குளிருல கெடந்து சீரழியிற? வெரசா துணிமணிய எடுத்து வை, நம்ம வீட்டுக்குப் போவோம்."

"கை போகலண்ணே," என்றார் மதினி. "மடங்க மாட்டேங்குது, அவ்வளவுதான்."

அவருடைய அண்ணன் தனியாகத்தான் பஸ் ஏறினார்.

பிளேயர் என்னிடம் வந்து சேர்ந்தது அதற்கும் முன்னால். சோலைக்காடுகளைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வந்திருந்த வெளிநாட்டுப் பெண் ஒருவர் தினமும் எங்கள் சென்டருக்கு வருவார். ஊருக்குத் திரும்பும்போது, கீறல் விழுந்த தன் பழைய பிளேயரை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அதிலிருந்த பாடல்கள் எதுவும் எனக்குப் புரியவில்லை. ஒருநாள் மாலை, என்னோடு சேர்ந்து வீட்டுக்கு நடப்பதற்காக அலுவலகம் முடிந்து வந்த மதினி, கவுண்டரில் கிடந்த அதை எடுத்துப் பாட்டு மாற்றிக்கொண்டிருந்தார். பேச்சு வேறெங்கோ இருந்தது. இடது நடுவிரல் அழுத்திக்கொண்டே இருந்தது. ஐம்பது தடவைக்குமேல் இருக்கும். முகத்தில் வலியே இல்லை. நான் பேசுவதை நிறுத்திவிட்டு அந்த விரலையே பார்த்தேன்.

இணையத்தில் ஒரு விஷயம் படித்திருந்தேன். இந்த பிளேயருக்குள் நிறுவனம் வைத்த மென்பொருளுக்குப் பதிலாக, ஆர்வலர்கள் எழுதிய வேறொன்றைப் போடலாம்; அதற்குள் எமுலேட்டர் ஒன்று உண்டு, அதாவது பழைய கையடக்க விளையாட்டுக் கருவி போலவே நடந்துகொள்ளும் நிரல். பாட்டுக் கருவி விளையாட்டுக் கருவியாகிவிடும். அதற்கென்றே சிலர் சொந்தமாக ஆட்டங்கள் எழுதி இலவசமாகப் போட்டிருந்தார்கள். எந்தப் பக்கத்தை அழுத்தினால் என்ன நடக்கவேண்டும் என்பதையும் நாமே மாற்றிக்கொள்ளலாம். நான் கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்தவள்தான், ஆனால் இப்படி ஒன்றைச் செய்ததில்லை.

முதல் முயற்சியில் பாதிக் கோப்புகள் ஏறியிருந்தபோது மின்சாரம் போனது. பிளேயரின் திரை வெள்ளையாகி அப்படியே நின்றுவிட்டது. எதை அழுத்தினாலும் அசையவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"போச்சு மதினி."

"போறதுக்கு அது என்ன உசுரா?" என்றார். "மறுபடி போடு பிள்ள."

அவர் வாயிலிருந்து 'உசுரு' என்ற சொல் வந்ததும் என் அழுகை நின்றுவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கலந்துரையாடல் பக்கங்களில், எங்கோ யாரோ இதே வெள்ளைத் திரையோடு தவித்திருக்க, அதற்கு இன்னொருவர் பதில் எழுதியிருந்தார். இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்திப் பிடித்து, பழைய நிலைக்குக் கொண்டுவந்து, முதலிலிருந்து தொடங்கவேண்டும். மறுநாள் அதைச் செய்தேன். ஆட்டம் வந்தது, ஆனால் ஒரு கட்டை கீழே இறங்குவதற்குள் கொட்டாவி வந்தது. அந்தச் சின்னக் கருவிக்குப் படமும் சத்தமும் சேர்ந்து தாங்கவில்லை. ஐந்தாம் நாள் சத்தத்தை முழுவதும் அணைத்தேன். படங்களில் சிலவற்றைத் தாண்டிப் போகும்படி வைத்தேன். கட்டைகள் சரியான வேகத்தில் இறங்கத் தொடங்கின. பாட்டுக் கேட்பதற்காகச் செய்த பெட்டி, எங்கள் வேலைக்கு ஊமையாக ஓடியது.

அன்றிலிருந்து ஒவ்வொரு மாலையும் அலுவலகம் விட்டதும் மதினி அந்த மேஜைக்கு வந்துவிடுவார். முதல் இரண்டு வாரம் நடுவிரல். அது மடங்கத் தொடங்கியதும், யாரும் சொல்லாமலே அதைத் தூக்கி வைத்துவிட்டு மோதிர விரலை இறக்கினார். அது ஒரு தடவை அழுத்துவதற்குள் கட்டைகள் மேலேவரை குவிந்து ஆட்டம் முடிந்துவிடும். மறுபடி தொடங்குவார். மறுபடி முடியும். சக்கரத்தின் கீழ்ப்பக்கத்தை அழுத்துவதுபோல நான் வைத்திருந்தேன். ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"இது ரொம்ப லேசாக் கெடக்கு. மேல் பக்கத்துக்கு மாத்து. எட்டி அழுத்தணும்."

"வலிக்குமே மதினி."

"வலிக்கட்டும். மாத்து."

ஊரில் பேச்சு கிளம்பாமல் இல்லை. அம்மாவின் காதுக்கும் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சோற்றுத் தட்டின் முன்னால் அம்மா பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டார்.

"வருசம் திரும்பல. கடையில உக்காந்து கேம் ஆடுறாளாம்னு ஊரே பேசுது. எம்மகன் போன வீடு இது."

மதினி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினார். குரலை உயர்த்தவில்லை.

"அவங்க இருந்த எடத்துலதான் அத்தை நான் வேலை பாக்குறேன். அவங்க ஓட்டுன ஜீப்ப தெனமும் வாசல்ல பாக்குறேன். அந்த எடத்த விட்டுட்டு வரச் சொல்றீங்களா?"

அம்மா மதினியின் தட்டில் இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றினார்.

மோதிர விரலுக்குப் பலம் திரும்பிவிட்டது. கறுப்பாகவே எழுத்து விழ ஆரம்பித்தது. சுண்டு விரல்தான் கடைசிவரை ஏமாற்றியது. ஒரு மாதம் முழுவதும் அதற்கே கொடுத்துப் பார்த்தார். முதல் கணு லேசாக அசையும்; பலம் ஏறவில்லை. தேர்வுக்கு ஐந்து வாரம் இருக்கும்போது ஒருநாள் மாலை பிளேயரை என் பக்கம் தள்ளினார். தோற்றுவிட்டார் என்று நினைத்தேன்.

"வராத வெரலுக்காக, வந்த வெரலையும் ஏன் காக்க வைக்கணும்?" என்றார். "இடது ஓரத்துல ஒண்ணு வை, மேல ஒண்ணு வை. ரெண்டுக்கும் மோதிர வெரலே ஓடட்டும்."

அவர் கேட்டது என்னவென்று கொஞ்சம் கழித்துத்தான் எனக்கு விளங்கியது. தட்டச்சுப் பலகையில் தன் இடத்திலிருந்து பக்கத்தில் சுண்டு விரலுக்குரிய 'ஏ'வுக்குத் தாவி, அடித்துவிட்டுத் திரும்ப வந்து நிற்க அந்த விரல் பழக வேண்டும். அந்தத் தாவலை அவர் கட்டைகளோடு பழகினார். இன்ஸ்டிட்யூட்டில் மாஸ்டருக்குக் கோபம். விரல் முறை தப்பு, இத்தனை வருசத்தில் இப்படி யாரும் அடித்ததில்லை என்றார். மதினி தாளை அவரிடம் நீட்டினார். "ஏ கறுப்பா இருக்கா சார்?" மாஸ்டர் பார்த்தார். இருந்தது. திருத்துபவர்கள் தாளைத்தான் பார்ப்பார்கள், விரலை அல்ல என்று அவரே முனகிவிட்டு அடுத்த பாடத்தைக் கொடுத்தார்.

தேர்வு திண்டுக்கல்லில். முதல் பஸ்ஸில் மலை இறங்கினோம். வத்தலக்குண்டு வரும்வரை மதினி மடிமேல் விரலைத் தாவ விட்டுக்கொண்டே வந்தார். அவர் உள்ளே போனதும் நான் வாசலில் நின்றேன். அத்தனை எந்திரங்களும் ஒரே நேரத்தில் தொடங்கியபோது, தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுவது போல இருந்தது. அதில் அவருடைய ஓசையைத் தனியாகக் கேட்க முடியுமா என்று காதைக் கொடுத்தேன், முடியவில்லை. வெளியே வந்தவர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார்:

"நடுவுல ரெண்டு எழுத்துக் கம்பி சிக்கிருச்சு. பிரிச்சு விட்டுட்டு அடிச்சேன். முடிச்சுட்டேன்னுதான் நெனைக்கிறேன்."

மதினி இப்போது வேறோர் ஊரில் கண்காணிப்பாளராக இருக்கிறார். அவர் அலுவலகத்தில் தட்டச்சு எந்திரம் ஒன்றுகூட இல்லை. அன்று நான் ஐந்து நாள் போராடிச் செய்ததைவிடப் பெரிய ஆட்டங்கள் எந்தக் கைபேசியிலும் ஒரு தொடுதலில் வந்துவிடுகின்றன. அவருக்கு எந்த ஆட்டத்திலும் ஆர்வம் கிடையாது. உண்மையைச் சொன்னால் அன்றும் இருந்ததில்லை. ஒரு நாளும் எத்தனை புள்ளி என்று அவர் கேட்டதில்லை. சுண்டு விரல் இன்றும் முழுதாக மடங்காது. மூடுபனி நாட்களில் வலிக்கும் என்று போனில் சொல்வார், சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்.

தேர்வு முடிவு வந்த பகலை மட்டும் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். முடிவு இணையத்தில் வந்துவிட்டது என்று யாரோ சொல்ல, மதினி மதியச் சாப்பாட்டு நேரத்தில் மேட்டில் ஓடி, மூச்சு வாங்க சென்டருக்குள் வந்தார். ஹால் டிக்கெட்டைப் பார்த்து எண்ணை அடித்தேன். பக்கம் மெதுவாகத் திறந்தது. முதலில் பெயர், பிறகு பாடம், பிறகு தேர்ச்சி என்ற சொல். நான் எழுந்து அவரைக் கட்டிக்கொண்டேன். என் தோளில் ஒரு முறை முகத்தைப் புதைத்தார், சட்டை நனைந்தது. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார்.

"உக்காரு பிள்ள," என்றார். "தமிழுக்கு எப்போ ஃபாரம் குடுக்குறாங்கன்னு அதுலயே போட்டிருக்கும். பாரு."