ஏழு கோல் வாங்கிய கல்லூரி

போன வாரம் தோஹா நஜ்மாவில் ஒரு மருந்துக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற மலையாளிப் பெரியவர், வாங்கிய தைலப் புட்டியை அங்கேயே திறந்து முழங்காலில் தேய்க்கத் தொடங்கிவிட்டார். பொறுமையில்லாத மனுஷன். கடைக்காரப் பெண் முகத்தைச் சுளித்தாள். எனக்கோ, அந்த நெடி மூக்கில் ஏறியதும் எங்கள் கல்லூரி விளையாட்டுக் கொட்டகை கண்முன்னால் வந்துவிட்டது. வியர்வை, ஈரச் சாக்ஸ், கூடவே இந்தத் தைலம். இதைச் சகிக்கிறவர்களுக்குத்தான் எங்கள் கால்பந்து அணியில் இடம் என்று சொல்லிக்கொள்வோம். உண்மையில் சகிக்காதவர்களுக்கும் இடம் இருந்தது. அவ்வளவு ஆள் பஞ்சம்.

குமரிக் கடற்கரையில் இருந்தது கல்லூரி. அந்தக் கரையில் பிள்ளைகள் நடக்கப் பழகுவதற்குள் பந்தை உதைத்துவிடும். ஒரு காலத்தில் மாவட்டக் கோப்பைகள் எல்லாம் எங்கள் கல்லூரிக்குத்தான் வரும் என்பார்கள். நான் சேர்ந்தபோது அந்தக் காலம் முடிந்திருந்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு நல்ல ஆட்டக்காரர்கள் வளைகுடாவுக்கு விமானம் ஏறினார்கள். கல்லூரிக்கு வந்தவர்களில் விசா வந்தவன் பாதி வருடத்திலேயே பூட்ஸைக் கழற்றினான். பயிற்சி கொடுத்த சார் ஓய்வு பெற்ற பிறகு அந்த நாற்காலிக்கு யாரும் வரவில்லை. மைதானத்தில் பாதியை எடுத்து கம்ப்யூட்டர் வகுப்புக்குக் கட்டடம் கட்டினார்கள். கோல் கம்பத்துக்குப் பின்னாலேயே அதன் ஜன்னல்கள். கண்ணாடி உடைந்தால் பந்து அலுவலகத்துக்குப் போய்விடும். ஜன்னலுக்குப் பயந்து மெதுவாக உதைக்கப் பழகிய முன்கள வீரர்கள் உலகத்திலேயே எங்களிடம்தான் இருந்திருப்பார்கள்.

நான் கோல்கீப்பர். உயரமாக இருந்தேன், அதுதான் தகுதி. பந்து வேகமாக வந்தால் கண்ணை மூடிக்கொள்வேன் என்பதை யாரும் விசாரிக்கவில்லை.

கடைசி வருடம் டவுன் கல்லூரியோடு ஆடினோம். ஏழு கோல். எங்கள் கேப்டன் கிளீட்டஸ் ஒவ்வொரு கோலுக்கும் பந்தை எடுத்துக்கொண்டு நடு மைதானத்துக்கு ஓடினான், இன்னும் ஜெயிக்க நேரம் இருப்பதுபோல. அவனுடைய அக்கா ஷீபா மதில்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸிங் முடித்துவிட்டு தோஹாவுக்குப் புறப்படத் தயாராக இருந்த நேரம். ஆட்டம் முடிந்ததும் முதல்வர் எங்களை அறைக்கு அழைத்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

“அசிங்கப்பட்டது போதும்ப்பா. அடுத்த வருஷத்தில இருந்து ஃபுட்பால் டீம் கிடையாது” என்றார்.

கிளீட்டஸ் சட்டையைக் கழற்றி, மடித்து, அவர் மேஜைமேல் வைத்துவிட்டு வெறும் மேலோடு வெளியே நடந்தான்.

அப்புறம் எல்லாரும் செய்ததை நாங்களும் செய்தோம். கிளீட்டஸ் தோஹாவில் ஏ.சி. மெக்கானிக் ஆனான். நான் எலக்ட்ரீஷியனாக வந்து இறங்கினேன். முதல் நாள் சைட்டில் சூப்பர்வைசரைப் பார்த்ததும் ஹெல்மெட்டைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டேன். டவுன் கல்லூரி அணியின் கேப்டன் ராஜேஷ்! ஏழில் மூன்று அவன் அடித்தது. அவனும் என்னை அடையாளம் கண்டுகொண்டான்.

“லேய் ஏழு! நீயா டே?”

அவ்வளவுதான், என் பெயர் போயிற்று. தமிழர்கள் என்னை ‘ஏழு’ என்றார்கள். பாகிஸ்தானி ஃபோர்மேன் காரணம் தெரியாமலேயே அதையே உருதுவில் ‘சாத் பாய்’ என்று மரியாதையாகக் கூப்பிட்டார். ராஜேஷ் கெட்டவன் இல்லை. என் லீவுக்காக மேனேஜரிடம் சண்டை போட்டவன். ஆனால் அந்தப் பெயரை மட்டும் விடமாட்டான்.

பல வருடங்கள் கழித்து ஒரு குளிர்காலத்தில் ஷீபாக்கா போன் செய்தாள். தொழில்பேட்டையில் ஒரு மண் மைதானத்தில் பழைய மாணவர்களுக்கான கால்பந்துப் போட்டி நடக்கப்போகிறது, கல்லூரிப் பெயரில்தான் ஆடவேண்டும், அந்தக் கல்லூரியில் படித்தவர்கள் மட்டும்.

“நமக்க காலேஜு பேரக் குடுத்தாச்சு. வெள்ளிக்கிழம பிராக்டிஸ், கேட்டியா?”

“அக்கா, நமக்குத்தான் டீமே இல்லியே.”

“டீம் இல்லாமதான் பேரு குடுத்தேன். ஆளத் தேடு மக்கா.”

தேடினோம். மற்றக் கல்லூரிகளுக்கு வருடம்தோறும் புதுப் பையன்கள் வந்து இறங்கினார்கள். எங்கள் வரிசை எங்களோடு நின்றுபோயிருந்தது. எங்களுக்குப் பின்னால் யாருமில்லை. எங்களுக்கு வயதும் தொப்பையும் மட்டும் வந்துகொண்டிருந்தன. எண்ணிப் பார்த்தால் ஒரு ஆள் குறைந்தது. தமிழ் இலக்கியம் படித்த மணிகண்டனை ஷீபாக்கா எங்கிருந்தோ பிடித்து வந்தாள். கல்லூரியில் அவன் தொட்டது மைக் மட்டும், பேச்சுப்போட்டிகளில். அவனை வலது பக்கத் தற்காப்பில் நிறுத்தினோம். சட்டை தைத்த வங்காளித் தையல்காரர் கல்லூரிப் பெயரில் ஒரு எழுத்தை விழுங்கிவிட்டார். திருத்த நேரமில்லை, அப்படியே போட்டுக்கொண்டோம்.

எனக்குப் பயிற்சி கொடுத்தது ஷீபாக்காதான். நைட் டூட்டி முடிந்து தூங்காமல் வந்து, பக்கத்தில் நின்று பந்தை என் முகத்தைப் பார்த்து எறிவாள். “கண்ண மூடப்பிடாது! வலிச்சா நான் இருக்கேன், மருந்து போட.”

சீட்டு எடுத்தபோது முதல் ஆட்டமே டவுன் கல்லூரியோடு. சைட்டில் ராஜேஷ் சிரித்துக்கொண்டே வந்தான். “ஏழே, வெள்ளிக்கிழம எட்டாக்கிருவோமா?”

அந்த வெள்ளி மதியம் காற்றில் சிமெண்ட் தூசி. இரண்டு பக்கமும் லாரிகள், அவற்றின்மேல் ஏறி நின்று வேடிக்கை பார்க்கும் தொழிலாளர் கேம்ப் ஆட்கள். டவுன் கல்லூரியில் இருபத்தைந்தைத் தாண்டாத பையன்கள் ஓடினார்கள். நாங்கள் ஓடுவதுபோல நடந்தோம். முதல் பாதி முழுக்கப் பந்து எங்கள் பக்கமே கிடந்தது. ஒன்று என் நெஞ்சில் பட்டது, ஒன்று முழங்காலில், இன்னொன்று கம்பத்தில். கம்பத்துக்கும் ஷீபாக்கா கைதட்டினாள்.

மணிகண்டன் ஒரு காரியம் செய்தான். தன் பக்கம் வந்த வேகக்காரப் பையனோடு ஓட முடியாது என்று தெரிந்ததும் பேச ஆரம்பித்தான். “தம்பிக்கு எந்த ஊரு? எந்த டிபார்ட்மென்ட்? அங்க தமிழ் எடுக்குற அந்த மேடம் இன்னும் இருக்காங்களா?” பையன் மரியாதைக்காரன், நின்று பதில் சொன்னான். அதற்குள் கிளீட்டஸ் பந்தைத் தட்டிக்கொண்டு போய்விட்டான்.

இரண்டாம் பாதியில் எங்களுக்கு ஒரு கார்னர். மூலையிலிருந்து பந்து உயர்ந்து வந்தது. கிளீட்டஸ் எழும்பினான். அந்த வயதில், அந்த உடம்போடு அவன் அவ்வளவு உயரம் எழும்புவான் என்று நான் நினைக்கவே இல்லை. நெற்றியில் பட்ட பந்து வலையின் மூலைக்குள் இறங்கியது. உதைத்தால் உடைய அங்கே ஜன்னல் எதுவும் இல்லை, பாருங்கள்! நான் என் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக் கத்தினேன். பக்கத்தில் வேறு யாரும் இல்லை.

முடிய இன்னும் கொஞ்ச நேரம். மணிகண்டன் தடுக்கி விழுந்து ஒரு பையனையும் சேர்த்து வீழ்த்திவிட்டான். பெனால்டி. பெஞ்சில் உட்கார்ந்திருந்த ராஜேஷ் தானே அடிக்கிறேன் என்று உள்ளே வந்தான். பந்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

“எட்டு வேணுமா டே?”

“அடி மக்கா” என்றேன்.

அவன் ஓடி வந்தான். நான் கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன். பந்து புறப்படுவதும், சுழல்வதும், பெரிதாவதும் எல்லாமே தெரிந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பந்து வருவதை முழுதாகப் பார்த்தேன். வலது பக்கம் பாய்ந்தேன். பந்து என் தோளில் இடித்து, கம்பத்துக்கு மேலே எகிறி, லாரிக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது.

விசில் ஊதியதும் ஷீபாக்கா செருப்பில்லாமல் ஓடிவந்தாள். கிளீட்டஸ் மண்ணில் குப்புற விழுந்து அழுதான். மணிகண்டன் நடுவரிடம் அவர் ஊரை விசாரித்துக்கொண்டிருந்தான். லாரிமேல் நின்ற நேபாளிகள் எங்களுக்காக ஏன் குதித்துக் குதித்து ஆடினார்கள் என்று இன்றுவரை தெரியாது.

மறுநாள் சைட்டில் ராஜேஷ் இரண்டு டீயோடு வந்தான். ஒன்றை நீட்டி, அத்தனை வருடங்களில் முதல்முறையாக என் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். திரும்பிப் பார்க்க எனக்கே கொஞ்ச நேரம் பிடித்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை அரையிறுதிக்குப் போனோம். மைதானத்தைச் சுற்றித் தகரவேலி. உள்ளே கிரேன், இறக்கிப்போட்ட இரும்புத் தூண்கள், கிடங்கு கட்டும் வேலை. வாசலில் நின்ற காவலாளி கையை விரித்தார். “மைதான் மாஃபி, பாய். கலாஸ்.” மைதானம் இல்லை, எல்லாம் முடிந்தது என்கிறார். வேறு இடம் கிடைக்காமல் போட்டி அப்படியே நின்றுபோனது. கோப்பை யாருக்கும் போகவில்லை.

அந்தக் கிடங்கு இன்றும் இருக்கிறது. ஷீபாக்கா அயர்லாந்தில் இருக்கிறாள். கிளீட்டஸ் ஊருக்குப் போய்ப் படகு வாங்கிவிட்டான். மணிகண்டன் ஷார்ஜா ரோலாவில் கடை வைத்திருக்கிறான், வாடிக்கையாளர்கள் பாவம். ஊரில் மிச்சமிருந்த பாதி மைதானமும் கட்டடமாகிவிட்டது. எங்கள் கல்லூரிக்கு இனி ஒரு கால்பந்து அணி வரப்போவதில்லை. அதனால்தான் தைரியமாகச் சொல்கிறேன்: எங்கள் கல்லூரி கடைசியாக ஆடிய ஆட்டத்தில் ஜெயித்தது. இனி எங்களை யாராலும் தோற்கடிக்க முடியாது.