பிறந்த வீட்டுக் கோடி

அன்று அக்காவின் சவப்பெட்டியருகில் இருந்தவர்கள்: அக்காவின் வீட்டுக்காரரான மாமா, அவர் தாயார், அக்காவின் பிள்ளைகள் இருவர், மாதா கோவில் உபதேசியார், அக்கம்பக்கத்துப் பெண்கள் ஏழு பேர், என் வீட்டுக்காரர், நான். பதினான்கு பேர். யாரையாவது விட்டுவிட்டேனோ என்று திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்துத்தான் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான், பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

அக்கா பிறந்தது குருவிநத்தத்தில். அம்மா பேதியில் போனபோது எனக்கு நாலு வயது. அதற்குப் பிறகு எனக்கு அம்மாவும் அக்காதான். அப்புறம் அண்ணன் பெண்ணையாற்று வெள்ளத்தில் போனார். எங்கள் ஆலையில் வெல்லம் காய்ச்ச வில்லியனூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த மாமாதான் நீந்திப் போய் உடலைக் கரை சேர்த்தார். அப்பா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டதை ஊரே பார்த்தது. மறு வருடம், அவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று அக்கா சொன்னபோது, கிறிஸ்தவர் என்பதால், வேதக்காரன் என்று அதே அப்பா அரிவாளை எடுத்தார்.

அக்கா வீட்டை விட்டுப் போனார். அப்பா கையெழுத்துப் போடாததால், வயது நிரம்பும்வரை கன்னியர் மடத்தில் இருந்து, பிறகு மேரி என்கிற நகரசபை ஆபீசில் பதிந்து, கோவிலில் தாலி கட்டிக்கொண்டார். அப்பா ஆற்றில் தலைமுழுகினார். அதோடு பதினெட்டு வருடம் எங்கள் வீட்டில் அக்கா பேச்சே கிடையாது. வில்லியனூர்த் தேருக்குப் போகும் சாக்கில் நான்தான் பார்த்துவிட்டு வருவேன். அக்கா ஒரு தரம்கூட அப்பாவைக் குறை சொன்னதில்லை. இருமல் நின்றதா என்று மட்டும் கேட்பார்.

கடைசிக் காய்ச்சலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம் மேல பொறந்த வூட்டுக் கோடி வுழுமாடி?" என்றார்.

பெண் செத்தால் தகப்பனோ அண்ணன் தம்பியோ கொண்டுவந்து போர்த்தும் துணி அது. அண்ணன் இல்லை. அக்கா கண்மூடியதும், அவர் கேட்டதை அப்பாவிடம் போய்ச் சொன்னேன். வயலுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர் நிமிரவேயில்லை. நானே ஒரு புடவை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனேன். வேறு வீட்டில் வாழப்போனவள் போட்டால் செல்லுமா, கோவில்காரர்கள் தடுப்பார்களா என்று கேட்டுக்கொண்டே நடந்தேன்.

பெட்டியை மூடப்போகும் நேரத்தில் வாசலில் வண்டி நின்றது. அப்பா. பதினைந்தாவது ஆள். கையில் கோடித் துணி. பிரித்தால், அரக்குத் தாவணி.

பின்னாலிருந்த ஒருத்தி, "இன்னா, கொமரிக்கா எடுத்தாந்துகிறாரு?" என்றாள்.

அப்பா அவள் பக்கம் திரும்பவில்லை. "அவ போவ சொல்ல தாவணிதான் கட்டியிருந்தா" என்றார்.

மாமாவின் தாயார் எழுந்து வழிவிட்டார். "மாரு மேல போடுங்க சம்பந்தி. பத்தும்" என்றார்.

அப்பா போட்டார். கோணலாகக் கிடந்ததை மாமா சரிசெய்தார். நான் கொண்டுபோன புடவையை யாருக்கும் காட்டாமல் திருப்பி எடுத்துவந்துவிட்டேன்.

இரவும் பகலும் விழித்துப் பார்த்த பக்கத்து வீட்டு அம்மாள்களுக்கும், அழைத்ததும் வந்த வைத்தியருக்கும், அப்பாவைக் கூலி வாங்காமல் வண்டியில் கொண்டுவந்தவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இந்த நினைவு மலரில் துக்கம் கொண்டாடுவோர் வரிசையில் தன் பெயரைப் போடலாமா என்று அப்பாவே மாமாவிடம் கேட்டனுப்பினார். முதல் பெயராகப் போட்டிருக்கிறது, தகப்பனார் என்று. அச்சுக்கூடத்துக்கு நானே நடந்துபோய் மூன்று தரம் பார்த்துவிட்டேன். சரியாக இருக்கிறது.