கோதாவில் இறங்கிய அப்பா

என் மகன் தொடையைத் தட்டிக்கொண்டு, "அம்மா, நானும் குஸ்தி பழகப் போறேன்" என்றான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், நான் சிறுமியாக இருந்தபோது, பொள்ளாச்சிச் சந்தையில் ஒரு பயில்வான் அப்படித்தான் தொடை தட்டி, "தெகிரியமிருந்தா வாங்கடா!" என்று உறுமினான். அப்பா துண்டை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, குஸ்திக்காக எண்ணெய் ஊற்றிக் கொத்திய கோதா மண்ணில் இறங்கிவிட்டார்.

"ஏனுங்க, வேண்டாமுங்க!" என்று அம்மா கதறினாள்.

பயில்வான் அவரைத் தலைக்கு மேல் தூக்கிச் சுழற்றினான். "போடு, போடு!" என்றது கூட்டம். எலும்பு முறியும் சத்தம் கேட்குமோ என்று நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

விழுந்த இடத்திலிருந்து அப்பா மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்தார். "தூக்கினப்ப காதுல சொன்னான் அம்மணி, 'பயப்படாதீங்கண்ணா, மண்ணு மெத்துனு இருக்கற பக்கமாப் போடறனுங்க'ன்னு."

"அதை எங்களுக்கும் சொல்லிப்போட்டுத் தூக்கியிருக்கலாமல்லங்க?" என்று அம்மா அழுதாள்.

மகனைத் தடுப்பது சரிதானா என்று தெரியவில்லை. இவனைத் தூக்கப்போகிறவன் எப்படிப்பட்டவனோ?