நெட்டப்பாக்கம் செவலை

பாகூரில் ஒரு வருடம் ரேக்ளா பந்தயத்தையும் மெல்லிசைக் கச்சேரியையும் ஒரே நாளில் வைத்தோம். பிரபல பாடகர் வருவதால் பந்தயத்துக்கும் கூட்டம் குவியும் என்று நம்பினோம். மூன்று மணி வெயிலில் ஏரிக்கரைச் சாலையில் ஐம்பது பேர்கூட இல்லை.

நெட்டப்பாக்கத்திலிருந்து செவலைக் காளையோடு வந்திருந்த வண்டிக்காரர் மட்டும் பதறவில்லை. ஒல்லியான உடம்பு, நெற்றியில் பழைய தழும்பு. துண்டை நனைத்து முதலில் காளையின் முகத்தையும் பிறகு தன் முகத்தையும் துடைத்துக்கொண்டார்.

"ஜனமே வரலையேங்க" என்று அவரிடம் புலம்பினேன்.

"பாட்டு கேக்க வர்றவன் இந்த வெயில்ல இன்னாத்துக்கு வந்து நிப்பான்? எங்க மாட்டப் பாக்குறவனுக்கு நாங்க வர்றதே தெரியாது. எந்த ஊரு மாடு ஓடுதுன்னு நோட்டீசுல ஒரு வரி போட்டீங்களா?"

நோட்டீஸ் எழுதியவன் நான்தான். அந்தச் சொற்பக் கூட்டத்துக்கு முன்னால் அவர் உயிரைக் கொடுத்து ஓட்டி ஜெயித்தார். கச்சேரிக்கு நிற்காமல் கிளம்பிவிட்டார்.

மறுவருடம், வருவார் என்ற நம்பிக்கையில், நோட்டீசில் 'நெட்டப்பாக்கம் செவலை' என்று முதல் வரியாகப் போட்டேன். சாலையின் இருபுறமும் ஜனம். செவலை எங்கே என்று பலரும் கேட்டார்கள். பந்தயம் முடியும்வரை நெட்டப்பாக்கம் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வரவில்லை. ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.